ஒன்றுமில்லை என்று குறித்தவள்

பதினேழாம் கமெராவில் ஒன்றுமே இல்லை. அதுதான் அகஸ்ரீனாவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றிலும் அதே மணல், அதே முட்பற்றை, பற்றையோடு ஒட்டி அதே கல். அந்தக் கமெரா பொழுதுபோகாமல் படம் எடுக்கிற சாமான் அல்ல. சூடுள்ள உடம்பு ஒன்று முன்னால் அசைந்தால் மட்டுமே அது விழிக்கும். விழித்தால் அடுத்தடுத்து மூன்று படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஆகவே அதன் முன்னால் சூடுள்ள எதுவோ போயிருக்கிறது. போனது படத்தில் இல்லை, மணலில் தடமும் இல்லை.

அவள் படத்தைப் பெருப்பித்துக் கல்லின் நிழலைப் பார்த்தாள், பற்றையின் அடியைப் பார்த்தாள். இன்னும் நாலாயிரம் படம் கிடக்கிறதே என்ற நினைப்பு வந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்ற பொத்தானை அழுத்தினாள். அதை அழுத்தினால் படம் அழிந்துவிடும். பிறகு யார் நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

ஓகஸ்ட் நடுவில் சிசிலியின் பலெர்மோவில் வேலை செய்கிறவர்கள் இரண்டே வகை: வெளிநாட்டுக்காரர், விசரர். மற்ற எல்லாரும் கடலுக்குப் போய்விடுவார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில்நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆள் இருந்தது மூன்றாம் மாடியில் மட்டும்தான். சிரோக்கோ நாலு நாளாக விடாமல் அடித்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆபிரிக்காவின் புழுதியை அள்ளிவந்து, கொடியில் காயும் துணியில் கொட்டிவிட்டுப் போகிற சூட்டுக் காற்று அது. யன்னலின் மரப் பலகைகளை இறுக்கிப் பூட்டியிருந்ததால் பகல் இரண்டு மணிக்கே வீடு இருண்டு கிடந்தது. பலகை இடுக்கில் புழுதி உரசுவதும், குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி நிற்பதும், ரயில்நிலைய அறிவிப்பு பாதி வார்த்தைகளோடு வந்து தேய்வதும் தவிர வேறு சத்தம் கிடையாது.

வீட்டுக்காரி சிஞ்ஞோரா எல்வீரா விசர் வகை. அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, வருடா வருடம் ஓகஸ்டில் ஆபிரிக்காவுக்குப் போய் ஒரு சரணாலயத்தில் கூடாரம் அடித்துக் குந்தியிருப்பார். கல்லும் முள்ளும் மணலுமான காய்ந்த பூமி. பக்கத்து ஊருக்கு ஒரு நாள் பயணம். அங்கே மணல் நிறச் சிறுத்தைகள் பதினொன்று மிச்சமிருந்தன. உலகத்திலேயே பதினொன்றுதான். சிஞ்ஞோரா அவற்றைப் புள்ளிகளை வைத்தே அடையாளம் காண்பார், ஒவ்வொன்றுக்கும் சிசிலிக் கிழவிகளின் பெயர் வைத்திருந்தார். வறண்ட ஆற்றுப் படுகையின் நீளத்துக்கு நாற்பது கமெராக்கள்: தெற்கே மலையடிவாரத்தில் ஒன்றாம் இலக்கம், வடக்கே வாசலில், சிஞ்ஞோராவின் கூடாரத்துக்குப் பக்கத்தில், நாற்பதாம் இலக்கம். படங்கள் எல்லாம் இந்த வீட்டுக் கொம்பியூட்டருக்கு வந்து விழும்.

அகஸ்ரீனா இந்த வீட்டுக்கு நிலம் துடைக்கத்தான் வந்தாள். போன மாரியில் படம் பிரிக்கிற மாணவன் நின்றுவிட, சிஞ்ஞோரா அவளைப் பிடித்துக் கதிரையில் உட்கார்த்தி நாலு பொத்தான்களைக் காட்டினார். சிறுத்தை, வேறு மிருகம், மனிதர், ஒன்றுமில்லை. அவ்வளவுதான் வேலை.

அவள் அதற்குச் சம்மதித்ததற்குக் காரணம் ஊரில், பேசாலையில் இருந்தது. அங்கே தங்கை மொனிகாவின் வீட்டில் மகன் ஸ்ரீபன் வளர்ந்துகொண்டிருந்தான். அவள் விட்டுவிட்டு வரும்போது அவனுக்கு ஒன்பது வயது. வருகிற இருபதாம் தேதி பதினெட்டு. பதினெட்டு ஆவதற்கு முதல் அவனைக் கூப்பிடும் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அவன் சட்டப்படி வளர்ந்த ஆள், தாயோடு வந்து சேர உரிமையில்லை. அவளும் கணவன் றோபேட்டும் இருந்த வாடகை அறை அதற்கு அளவு காணாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சிஞ்ஞோராதான், “இங்கே வந்து இரு, கடைசியில் இருக்கும் சின்ன அறையை மகனுக்குக் கொடு, நான் எழுதித் தருகிறேன்” என்றார். சொன்னது ஏப்ரலில். மே மாதம் மறந்தார். யூனில் கண்ணாடியைக் காணவில்லை என்றார். யூலையில் பெட்டி அடுக்கிக்கொண்டே, “திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான். நீ படங்களை முடித்து வை” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தொன்பதாம் தேதி காலை வந்துவிடுவாராம். அந்த மனுசி கெட்டவரும் இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவராக இருந்தால் ஒருநாள் சண்டை பிடித்தாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம்.

அடுத்த நாள் பதினெட்டாம் கமெராவில் ஒன்றுமில்லை. மூன்று படம். அதற்கு அடுத்த நாள் பத்தொன்பதிலும் இருபதிலும். வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல்.

காற்றாக இருக்குமோ என்று பார்த்தாள். பற்றையின் ஒரு இலையும் அசையவில்லை. வெறும் மணல் சுட்டதோ என்றால், எடுத்த நேரம் விடியப்புறம், அங்கே குளிர்கிற நேரம். சூடுள்ள எதுவோ வடக்கே வருகிறது. மிருகம் இல்லை, தடம் இல்லாததால். அப்படியானால் மிருகங்களைச் சுடவரும் கள்ளர்கள் ஏதாவது தந்திரம் செய்கிறார்களோ? அவள் நன்றாக யோசித்து, மனச்சாட்சிப்படி, இருபதாம் கமெராவின் படங்களுக்கு ‘மனிதர்’ என்று அழுத்தினாள்.

அந்தப் பொத்தான் சரணாலயக் காவலருக்கு நேரே அவசரச் செய்தி அனுப்பும். அவர்கள் நாற்பது கிலோமீற்றர் கல்லிலும் குழியிலும் ஜீப்பை அடித்துக்கொண்டு போய், சில்லு உடைந்து, ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தார்கள். பின்னேரம் சிஞ்ஞோரா கரகரக்கிற சற்றலைற் தொலைபேசியில் வந்தார்.

“படத்தில் மனிதர் எங்கே? சொல், எங்கே?”

“இல்லை சிஞ்ஞோரா. ஆனால் கமெரா விழித்திருக்கிறதே…”

“ஒன்றும் இல்லையென்றால் ஒன்றுமில்லை! இதைக்கூடச் செய்யத் தெரியாத ஒருத்தியை நம்பி நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?”

தொலைபேசி அறுந்துபோயிற்று. அகஸ்ரீனா சமையலறைக்குப் போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினாள். எட்டு வருடம் ஊர்ப்பட்ட வீடுகளின் கழிவறையெல்லாம் தேய்த்துவிட்டு, கடைசியில் ஒரு பொத்தானிலா மகன் தொங்க வேண்டும்? ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தாள்: இனி ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. நமக்கேன் வம்பு.

இருபத்துநாலாம் கமெராவில் கொன்செத்தா இருந்தது. கிழட்டுப் பெண் சிறுத்தை, இடது காது கிழிந்தது. முதல் படத்தில் குந்தியிருந்து, படத்துக்கு வெளியே இடப்பக்கமாக எதையோ பார்த்தது. இரண்டாவதில் காதுகள் மண்டையோடு ஒட்டியிருந்தன. மூன்றாவதில் மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே, வெள்ளை வயிறு முழுக்கத் தெரிய, கழுத்தை நீட்டிக்கொண்டு. ஆட்டை ஒரே கடியில் முறிக்கிற மிருகம், அடிக்காதே என்று கெஞ்சுகிற நாய்க்குட்டி மாதிரிக் கிடந்தது. அதற்கு முன்னால் யாருமில்லை.

அகஸ்ரீனா ‘சிறுத்தை’ என்று அழுத்தினாள்.

றோபேட்டுக்கு அடித்தாள். அவன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் நின்றான். ஓகஸ்டில் இரவும் அங்கேயே படுக்கை. பின்னால் சட்டிகள் மோதும் சத்தம்.

“இஞ்சேருங்கோ, இஞ்சை படங்களிலை ஏதோ பிழையாக் கிடக்கு. எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு.”

“பேப்பர் சைன் பண்ணியாச்சோ?”

“இல்லை. பத்தொன்பதுதான் வாறா.”

“அப்ப அதுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரும். வெயில் தலைக்கை அடிச்சிருக்கும், தண்ணியைக் குடியும். நான் வைக்கிறன், ஓடர் வருது.”

தண்ணீர் குடித்தாள். இருபத்தொன்பதாம் கமெராவைக் கொன்செத்தா கடந்து போனது, தெற்கிலிருந்து வடக்கே. பதினொரு நிமிடம் கழித்துக் கொன்செத்தா கடந்து போனது, தெற்கிலிருந்து வடக்கே. திரும்பி வந்த படம் இல்லை. அதே கிழிந்த காது, தோளில் அதே மூன்று புள்ளி, விலாவில் அதே வளையம். ஒரு சிறுத்தையின் புள்ளி இன்னொன்றுக்கு வராது என்று சிஞ்ஞோரா தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அகஸ்ரீனா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக எண்ணினாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

முப்பத்தொன்றாம் கமெராவில் இரண்டும் ஒரே படத்தில் நின்றன. ஒரு கொன்செத்தா மல்லாந்து கிடந்தது. மற்றக் கொன்செத்தா அதன்மேல் குனிந்து, முகத்தோடு முகம் வைத்து, பார்த்துக்கொண்டு நின்றது.

இதையும் மறைத்தால் நான் மனுசியே இல்லை என்று நினைத்து, சிஞ்ஞோராவுக்கு அடித்தாள். ஏழாம் முறைதான் கிடைத்தது.

“படத்தின்மேல் படம் விழுந்திருக்கிறது. கமெரா பழுது,” என்றார் சிஞ்ஞோரா. அவருக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. “அழித்துவிடு. அகஸ்ரீனா, கேள், எனக்குத் தலைக்குமேல் வேலை. கொன்செத்தா இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை, நான் அதைத் தேடிப் போகிறேன். நீ பேய்க்கதை சொல்லி என் நேரத்தை வீணாக்காதே.”

அழித்தாள்.

பதினேழாம் தேதி மத்தியானம் முப்பத்தொன்பதாம் கமெராவிலிருந்து மூன்று படம் வந்தது. நல்ல வெளிச்சம், துலக்கமான படம். முதலாவதில் சிஞ்ஞோரா தூரத்தில், ஒரு தனி மரத்தடியில், காக்கிச் சட்டையோடு நின்றார். இரண்டாவதில் அதே இடம், அதே நிலை. மூன்றாவதில் சிஞ்ஞோரா கமெராவுக்கு மிகக் கிட்ட வந்து, முகம் படம் முழுக்க அடைத்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஓடிவந்த முகம்.

அவருடைய தோளுக்குப் பின்னால், தூரத்தில், மரத்தடியில், சிஞ்ஞோரா நின்றார்.

அகஸ்ரீனாவின் கை தானாகவே ‘மனிதர்’ பொத்தானுக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றது. காவலர் ஓடுவார்கள். ஓடிப்போய், சிஞ்ஞோரா கமெராவைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால்? இருபதாம் தேதிக்கு மூன்று நாள். அந்த மனுசி கோபத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றால், எட்டு வருடமும் மண்ணோடு மண். கமெரா பழுது என்று அவரே சொன்னார். அவரே சொன்னார். படத்தின்மேல் படம்.

‘ஒன்றுமில்லை’ என்று அழுத்தினாள். திரை வெறுமையாயிற்று.

அன்றிரவு அவளுக்கு நித்திரை இல்லை. அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது, சிஞ்ஞோராவின் இலக்கம். அகஸ்ரீனாவுக்கு உயிர் வந்தது. ஏசினாலும் பரவாயில்லை, வாய்நிறைய ஏசட்டும் என்று எடுத்தாள்.

கரகரப்பு இல்லை. காற்றும் இல்லை. பக்கத்து அறையில் இருந்து கதைப்பது போல் சுத்தமான குரல்.

“சொல்,” என்றது குரல்.

“சிஞ்ஞோரா, நாளைக்குக் காலையில் வருகிறீர்கள்தானே? கடதாசி…”

“வருகிறேன். கையெழுத்து வைக்கிறேன்.”

இத்தனை மாதமும் இழுத்தடித்த மனுசி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அகஸ்ரீனா நன்றி சொன்னாள், மாதாவுக்கும் மனதுக்குள் சொன்னாள். மறுபக்கம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

“நீ எங்கே இருக்கிறாய்?” என்றது குரல்.

“உங்கள் வீட்டில்தான், சிஞ்ஞோரா.”

“என் வீடு எங்கே?”

வெயில் என்று அகஸ்ரீனா நினைத்தாள். பாவம், வயது போன மனுசி, வெயில் தலைக்கேறிவிட்டது. தெருவின் பெயரைச் சொன்னாள். இலக்கத்தைச் சொன்னாள். மூன்றாம் மாடி என்றாள், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். குரல் ஒவ்வொன்றாக அவளுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தது.

பத்தொன்பதாம் தேதி காலை சிஞ்ஞோரா வரவில்லை. பத்து மணி, பதினொன்று, ஒன்று. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. பத்ரொனாத்தோ அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் டினேஷ் மூன்றாம் முறையும் எடுத்தான்.

“அக்கா, எல்லாம் ரெடி. வீட்டுக்காரியின்ரை கையெழுத்து ஒண்டுதான். ஐஞ்சு மணிக்குப் பூட்டிடுவினம். நாளைக்கு அனுப்பினால் வேலையில்லை, தெரியும்தானே?”

“தெரியும் தம்பி. வாறா, வந்துகொண்டிருக்கிறா.”

“எத்தினை தரம் அக்கா இதையே சொல்லுவியள்?”

அவனில் பிழையில்லை. ஒருவரிலும் பிழையில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் மேசையில் கடதாசிகளை விரித்து வைத்தாள். வீட்டு அனுமதிக் கடிதம், சிஞ்ஞோராவின் பழைய கையெழுத்துள்ள வேலை ஒப்பந்தம், ஸ்ரீபனின் விண்ணப்பம். அதன் மூலையில் அவனுடைய பாஸ்போட் படம். பேசாலையில் ஒரு ஸ்ரூடியோவில், சிரிக்காதே என்று சொல்லி எடுத்தது. வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை, விறைத்த கண். நெஞ்சோடு படம் முடிந்துவிடும். பேனையைப் பக்கத்தில் வைத்தாள். மூன்று பத்து.

கீழே தெருக்கதவு திறந்தது.

லிப்ற் பழுது. படியில் காலடி கேட்டது. சிஞ்ஞோரா தன் முழங்கால் வலிக்கு ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி, கடவுளைத் திட்டிவிட்டுத்தான் ஏறுவார். இந்தக் காலடி நிற்கவில்லை. ஒரே வேகம். முதலாம் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் நின்றது. எதிர்வீட்டுக் கதவில் ஒரு தட்டு. ஆளில்லாத வீடு. சற்று நேரம் சத்தமில்லை. பிறகு இந்தக் கதவில் ஒரு தட்டு.

இருபது வருடம் இந்த வீட்டில் இருந்த மனுசி.

அகஸ்ரீனா கதவைத் திறந்தாள். திறக்காமல் என்ன செய்வது? மணி மூன்று பதினைந்து.

சிஞ்ஞோரா நின்றார். காக்கிச் சட்டை, நரைத்த குட்டை முடி, மூக்குக் கண்ணாடி. பெட்டி இல்லை, கைப்பை இல்லை. வெயிலில் கிடந்த கல்லின் மணம் உள்ளே வந்தது. வியர்வை மணம் கொஞ்சமும் இல்லை. கிட்ட நின்றால் அடுப்பு வாயில் நிற்கும் சூடு.

“வந்துவிட்டேன்,” என்றார். “எங்கே கையெழுத்து?”

இருட்டில் எதிலும் இடிக்காமல் மேசைக்கு நடந்தார். அகஸ்ரீனா பின்னால் போனாள். மூக்குக் கண்ணாடியின் கால்கள் காதுவரை போகவில்லை. கன்னத்தில் தோலோடு தோலாக முடிந்திருந்தன.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று யாருக்கும் பொய் சொல்ல முடியாது. மரத்தடியில் அசையாமல் நின்றது எது, ஓடிவந்தது எது என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. கால்கள் கதவுப் பக்கம் ஓடச் சொன்னன. கண்கள் மணிக்கூட்டைப் பார்த்தன.

“இதில், சிஞ்ஞோரா,” என்றாள். “இந்தக் கோட்டுக்கு மேலே.”

வந்தவர் பேனையை எடுத்தார். முதலில் பழைய ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

கொம்பியூட்டர் ‘டிங்’ என்றது. புதுப் படம். நாற்பதாம் கமெரா. எடுத்த நேரம், எட்டு நிமிடத்துக்கு முன்.

கூடார வாசலில் சிஞ்ஞோரா மல்லாந்து கிடந்தார். காக்கிச் சட்டை. கண் திறந்து, அதன்மேல் மணல். தலைமாட்டில் ஒரு சிறுத்தை தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

“என்ன படம்?” என்று கேட்டார் மேசையில் இருந்தவர். தலையைத் திருப்பவில்லை.

காவலர் அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான். ‘மனிதர்’ என்று அழுத்தினால் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஒருவேளை உயிர் இருக்கும். ஒருவேளை. பேனையின் நுனி கடதாசியில் படாமல் காத்துக்கொண்டிருந்தது.

“ஒன்றுமில்லை, சிஞ்ஞோரா,” என்றாள் அகஸ்ரீனா. அழுத்தினாள்.

பேனை கடதாசியில் ஓடியது. ஒரு வளைவும் பிசகாத கையெழுத்து.

அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. ஸ்ரீபனின் குரல் செய்தி. விரல் தெரியாமல் அதில் பட்டுவிட்டது, அறை முழுக்க மகனின் குரல் கேட்டது. “அம்மா, கையெழுத்துக் கிடைச்சிட்டுதோ?” நடுவில் ஒரு சின்ன இருமல். “நான் எப்ப வாறது?”

வந்தவர் நிமிர்ந்தார். தலை ஒரு பக்கம் சரிந்தது. தொலைபேசியைப் பார்த்தார், பிறகு விண்ணப்பத்தின் மூலையைப் பார்த்தார். குனிந்தார். பாஸ்போட் படத்துக்கு மூக்கு முட்டக் குனிந்து, முகத்தோடு முகம் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தது. அது.

பிறகு எழுந்து ஒடுங்கிய நடைபாதையில் நடந்து, கடைசிச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது.

அகஸ்ரீனா கடதாசியைப் படம் எடுத்தாள். முதல் படம் ஆடியது. இரண்டாவதும் ஆடியது. மூன்றாவதை அனுப்பினாள். நிமிடங்கள் போயின. சின்ன அறைக்குள் ஈரமான சத்தம் ஒன்று, கோழி உரிக்கும்போது வருவது. பிறகு அதுவும் நின்றது.

டினேஷ் எடுத்தான். “வந்திட்டுது அக்கா! அனுப்பிட்டன். இலக்கமும் வந்திட்டுது. இனி யோசியாதையுங்கோ, மகன் வந்த மாதிரித்தான். அந்த விலாசத்துக்குத்தான் கடிதம் வரும், கவனமாப் பாருங்கோ.”

“ஓம்,” என்றாள். “ஓம் தம்பி.” கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எட்டு வருடம். முடிந்துவிட்டது. அவனுக்கு இனி வழி திறந்துவிட்டது. இந்த வீட்டுக்கு.

கைப்பையை எடுத்தாள். செருப்பைத் தேடவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

“அம்மா.”

பின்னால், நடைபாதைக் கடைசியில்.

“அம்மா, கையெழுத்துக் கிடைச்சிட்டுதோ?” சின்ன இருமல். “நான் எப்ப வாறது?”

திரும்பக் கூடாது. எட்டு வருடமாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரல். இத்தனை கிட்ட. ஒரே வீட்டுக்குள்.

திரும்பினாள்.

சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. ஸ்ரீபன் வந்துகொண்டிருந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை. வெள்ளைக் கழுத்துப்பட்டி. சிரிக்காதே என்று சொல்லி எடுத்த முகம், சிரிக்காமல், இமைக்காமல், அவளையே பார்த்தபடி. மகன். அச்சொட்டாக மகன், நெஞ்சுவரை.

நெஞ்சுக்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்று அதற்கு யாரும் படம் காட்டியிருக்கவில்லை.